தோண்டாத மலைகள்

கர்நாடகத்தில் குதிரேமுக் மலைத்தொடரில் கங்கடிகல், நெல்லிபீடு என்ற இடங்களில் இரும்புத் தாது புதைந்து கிடக்கிறது. அதை வெட்டி எடுக்க அனுமதி இல்லை. நாட்டுக்கு இரும்பும் மக்களுக்கு வேலையும் வேண்டியிருக்கும்போது, இந்தச் செல்வத்தைப் பூட்டி வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை பக்கத்திலேயே இருக்கிறது.

குதிரேமுக் தாது 1913-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதை வெட்டி எடுக்க 1976-ல் பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. ஈரான் பணம் கொடுத்து, தாதையும் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. 1979-ல் அங்கே புரட்சி வெடித்தது, ஏற்பாடு முறிந்தது. வேறு நாடுகளில் வாங்குவோரைத் தேட வேண்டியதாயிற்று.

இந்தத் தாதில் இரும்பு நூற்றுக்கு நாற்பது பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் கழிவு. அந்தச் சேற்றைத் தேக்கவே லக்யா ஓடையில் ஓர் அணை கட்டினார்கள். ஆண்டுக்குச் சுமார் 7,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் மலை அது. வெட்டிய இடத்து மண் கரைந்து பத்ரா ஆற்றில் இறங்கியது. பத்ராவை நம்பித்தான் கீழே வயல்களும் ஊர்களும் இருக்கின்றன. 2005 முடிவோடு சுரங்கத்தை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்தது. அது சரியான தீர்ப்பு என்பதில் ஐயமில்லை.

ஆனால் காட்டைக் காத்த தீர்ப்போடு கடமை முடிந்துவிடவில்லை. சுரங்கம் நின்றதும் குதிரேமுக் நகரியம் வெறிச்சோடிற்று. சம்பளப் பதிவேட்டில் பெயர் உள்ளவனுக்குக் கணக்குத் தீர்க்கச் சட்டம் இருக்கிறது. மேஸ்திரியின் நோட்டில் மட்டும் பெயர் உள்ளவனுக்கு யார் கணக்குத் தீர்ப்பது? பிழைப்புத் தேடி வெளிமாநிலம் போனவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். வேலை போனால் அவர்களுக்கு வீடும் போகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போகிறது.

இதே நிறுவனத்துக்காக பெல்லாரி மாவட்டம் சண்டூர் பக்கத்தில் தேவதாரி மலையில் சுரங்கம் திறக்க 2024 ஜூனில் மத்திய உருக்குத்துறை அமைச்சர் கையெழுத்திட்டார். வன நிலத்தைக் கொடுக்க வேண்டாம் என்று மாநில வனத்துறை அமைச்சர் உத்தரவிட்டார். குதிரேமுக்கில் காட்டுக்கு நேர்ந்த சேதத்துக்கு ஈடு எங்கே என்றும் அவர் கேட்டார். முறையான கேள்வி. அதோடு, தொழிலாளிக்கு ஈடு எங்கே என்ற கேள்வியும் சேர வேண்டும்.

எந்த மலையிலும் முதல் வெடி வைப்பதற்கு முன்பே, சுரங்கம் மூடும் நாளுக்கான பணம் தனியாக ஒதுக்கப்பட வேண்டும். ஒப்பந்தக் கூலிகளின் பெயர்களும் அந்தக் கணக்கில் இடம்பெற வேண்டும். இதற்குக் கட்டுப்படியாகாத சுரங்கம் திறக்கப்படாமல் இருப்பதே நல்லது. தாது கெட்டுப்போகும் சரக்கு அல்ல. நூறு ஆண்டு கழித்தும் அங்கேயே இருக்கும். அழிந்த காடும் நடுத்தெருவில் நின்ற குடும்பமும் அப்படிக் காத்திருக்க முடியாது.