காலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்

கோடை வந்தால் சன்ஸ்கிரீன் விளம்பரமும் வந்துவிடுகிறது. வெயிலில் போனால் கருத்துவிடுவாய் என்பதுதான் அதன் மிரட்டல். கருப்பையே நோயாக்கி நம்மிடமே காசு பார்க்கிறார்கள். உண்மையான நோயைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கருப்பு நோயல்ல. தோலிலுள்ள மெலனின் புற ஊதாக் கதிரை ஓரளவு தடுக்கிறது. அதனால் தோல் புற்றுநோய் நம்மிடையே வெள்ளையர்களைவிடக் குறைவு. ஆனால் 'குறைவு' என்பதை 'வராது' என்று திரித்ததில்தான் ஆபத்து. வந்தால், பல நேரம் முற்றிய பிறகே தெரிகிறது. பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் 1977இல் மெலனோமா கண்டறியப்பட்டது. கால்பந்து ஆடியதில் பட்ட காயம் என்றே முதலில் நினைத்தார்கள். 1981இல், 36 வயதில் இறந்துபோனார்.

கருப்புத் தோலில் மெலனோமா அதிகம் வருவது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான். அதற்கு வெயில் காரணமல்ல. குடையும் களிம்பும் அதைத் தடுக்காது. பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். யார் பார்க்கிறார்கள்?

ஒரு மருத்துவ முகாமுக்கு உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாவை அழைத்துப் போனோம். உள்ளங்காலில் கருப்பாக ஒரு தடிப்பு. மருத்துவர் நாற்காலியை விட்டு எழாமலே களிம்பு எழுதினார். "காலைப் பாருங்கள்" என்று நாங்கள் நின்ற பிறகே குனிந்தார். வெறும் கால் ஆணிதான். ஆனால் பார்க்காதபோது அது அவருக்கு எப்படித் தெரிந்தது? தொடாமல் வைத்தியம் பார்ப்பதன் பெயர் நமக்குத் தெரியாதா?

தோழர்களே, மாதம் ஒருமுறை வீட்டிலுள்ளவர்களின் கால்களைப் பாருங்கள். புதிதாக வந்து பெரிதாகும் கரும்புள்ளி, நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோடு, மாதக்கணக்கில் ஆறாத புண், பழைய தீக்காயத் தழும்பில் திடீரென வெடிக்கும் புண், இவற்றில் எதைக் கண்டாலும் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். தேவைப்பட்டால் சதைப் பரிசோதனை கேளுங்கள்.

வெயிலையும் விட்டுவிட முடியாது. அது தோலையும் கண்ணையும் கெடுக்கிறது. காலை 10 முதல் மாலை 4 வரை கதிர் கடுமை. அந்த நேரத்தில் உப்பளத்திலும் சூளையிலும் சாலையிலும் நிற்பது யார்? 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அறிவிப்பு நிழல் தராது. தொப்பி, முழுக்கைச் சட்டை, நிழற்கூரை, நண்பகல் ஓய்வு எல்லாம் முதலாளியின் செலவில் வேண்டும். இது சலுகையல்ல, உரிமை.