பதிவு செய், அவளிடம் கொடு

1977 அக்டோபரில், லண்டனில் ஒரு சிறிய அரங்கில், சில பெண்கள் மேடையேறினார்கள். முன்கூட்டி எழுதிவைத்த இசை எதுவும் அவர்களிடம் இல்லை. பாடகி மேகி நிக்கோல்ஸும் பஸூன் கலைஞர் லிண்ட்சே கூப்பரும் தொடங்கிய அந்தக் குழுவின் பெயர் ஃபெமினிஸ்ட் இம்ப்ரொவைசிங் குரூப். குரல், பஸூன், செல்லோ, பியானோ ஆகியவற்றோடு துடைப்பமும் பாத்திரமும் வாக்குவம் கிளீனரும் அவர்களுடைய நிகழ்ச்சிகளில் வாத்தியங்களாயின. ஐரோப்பிய விழாக்களுக்குப் போனார்கள். அவர்களோடு ஒரு பேச்சும் கூடவே போனது: ‘இவர்களுக்கு வாசிக்கத் தெரியாது.’ அதைச் சொன்னவர்களில் சக ஆண் கலைஞர்களும் இருந்தார்கள்.

அந்தப் பேச்சு சரியா தவறா என்று இன்று நம் காதால் கேட்டு முடிவு செய்ய நினைத்தால் என்ன கிடைக்கிறது? 1979இல் குறைந்த பிரதிகளே வெளிவந்த ஒரு கேசட். அதே நகரத்தில், அதே இசையை வாசித்த டெரிக் பெய்லி, டோனி ஆக்ஸ்லி, எவன் பார்க்கர் ஆகியோர் 1970லேயே இன்கஸ் என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் வாசித்ததைக் கேட்க நமக்கு அலமாரி நிறைய இசைத்தட்டுகள் இருக்கின்றன. வசைக்கு ஒலிப்பதிவுக் கருவி தேவையில்லை. வாய்வழியாகவே அது வாழ்ந்துவிடும். இசைக்குத்தான் கருவி தேவை.

அண்டர்கிரவுண்ட் மின்னணு இசை, நாய்ஸ், இம்ப்ரொவைசேஷன் என்று பல பெயர்களில் நடக்கும் இந்த இசைக்குப் பெரும்பாலும் எழுதப்பட்ட தாள் கிடையாது. மேடையில் நடப்பதுதான் படைப்பு. ஸ்பீக்கரை அணைத்த பிறகு மிஞ்சுவது யாரோ ஒருவர் செய்த பதிவு மட்டுமே. எனவே யார் பதிவு செய்கிறார்கள், யாரைச் செய்கிறார்கள், பதிவு யார் கையில் இருக்கிறது, யார் அதை ஊருக்குக் கொடுக்கிறார்கள் என்பவற்றைத் தொழில்நுட்பக் கேள்விகள் என்று ஒதுக்க முடியாது. நாளைய வரலாற்றில் யாருக்கு இடம் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

இந்த உலகத்தில் ஒரு துறவுப் பேச்சு உண்டு. ‘இது அந்த நொடிக்கான இசை. பதிவு செய்தால் செத்துவிடும்.’ கேட்க அழகாகத்தான் இருக்கிறது. இன்கஸைத் தொடங்கிய பெய்லியே பதிவுகளால் இந்த இசையைப் பிடிக்க முடியுமா என்று ஐயப்பட்டு எழுதியவர். ஆனாலும் ஏராளமான பதிவுகளை விட்டுத்தான் போனார். இல்லாதவளிடம் வந்து நொடியின் மகத்துவத்தைப் பேசுவது, வயிறு நிறைந்தவர் பட்டினி கிடப்பவளிடம் விரதத்தின் மேன்மையைச் சொல்வதற்குச் சமம்.

மறுக்கும் உரிமை நமக்கும் உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் மேரியன் அமாகர் ஒரு கட்டடத்தின் அறைகளையே வாத்தியமாக்கியவர். கேட்பவரின் காதுக்குள்ளேயே பிறக்கும் ஒலிகளை வைத்துப் படைத்தவர். வீட்டு ஸ்பீக்கரில் அது அடங்காது என்பதை அறிந்து மிகக் குறைவாகவே வெளியிட்டார். அது அவருடைய முடிவு. ஒரு பெண் ‘வேண்டாம்’ என்பதும், அவளைப் பதிவு செய்யலாம் என்று யாருக்குமே தோன்றாமல் போவதும் ஒன்றல்ல.

பதிவு என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கீதா சாராபாய் என்ற பெயர் மேற்கத்திய இசை வரலாற்றில் பெரும்பாலும் ஒரு வரிதான்: 1946இல் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்றுத்தந்த பெண். 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் நிறுவப்பட்டது. அந்த ஸ்டூடியோவின் நாடாக்கள் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தன. பால் பர்கஸ் என்ற கலைஞர் அவற்றைத் தேடியெடுத்தார். 2023இல் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பு வெளிவந்தபோது, அதில் கீதா சாராபாயின் சொந்தப் படைப்பும் இருந்தது. அது மேடைப் பதிவல்ல, ஸ்டூடியோ பதிவு. ஆனாலும் ஒரு மேதைக்கு உதவியவளாக மட்டுமே அறியப்பட்டவரைப் படைப்பாளியாகக் கேட்க வைத்தது அந்த நாடாதான்.

இனி, துறவு பேசாத மறுபக்கத்துக்கு வருகிறேன். எதையும் பதிவு செய்வோம், எல்லாவற்றையும் பகிர்வோம், இசை எல்லோருக்கும் பொது என்பவர்கள். இவர்களுக்கு நான் கடன்பட்டவள். கைமாறி வந்த கேசட்டும் கோப்பும் இல்லாவிட்டால் இந்த இசை என் காதுக்கு எட்டியிருக்காது. ஆனால் ‘பொது’ என்ற சொல் பெண் விஷயத்தில் என்ன பொருள் கொள்ளும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்?

2010இல் லண்டனில் ஒரு வெப்கேமராவோடு தொடங்கிய பாய்லர் ரூம், டிஜேயின் முகத்துக்கு நேரே கேமராவை வைத்து உலகத்துக்கே ஒளிபரப்பியது. 2016இல் அங்கே வாசித்த ஒரு பெண் டிஜேயின் காணொளிக்குக் கீழே குவிந்த கருத்துகள் அவர் தேர்ந்தெடுத்த இசையைப் பற்றியவை அல்ல. அவர் உடலைப் பற்றியவை. கருத்துகளைக் கண்காணிக்க ஏற்பாடு செய்வதாக அந்த நிறுவனமே அறிவிக்க வேண்டியதாயிற்று. வியன்னாவில் 1998இல் தொடங்கிய ஃபீமேல் பிரஷர் என்ற வலையமைப்பு மின்னணு இசை விழாக்களை எண்ணிப் பார்த்து 2013இல் வெளியிட்ட அறிக்கையில், பெண் கலைஞர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2022 அறிக்கையில்தான் கால்பங்கை ஒட்டி வந்தார்கள். இத்தனை குறைவாக மேடையேறுபவளின் ஒவ்வொரு துண்டுக் காணொளியும் பெண் இனத்துக்கே வைத்த தேர்வாகிவிடுகிறது.

நானும் செய்திருக்கிறேன். ஒரு இளம் பெண்ணின் 40 நிமிட நாய்ஸ் நிகழ்ச்சியில் 40 வினாடியை போனில் எடுத்துப் பகிர்ந்தேன். அவரைப் பெருமைப்படுத்துவதாகத்தான் நினைத்தேன். மெல்ல மெல்ல அவர் கட்டியெழுப்பியதன் உச்சியில் வந்த அலறல் அது. வெட்டி எடுத்தபோது வெறும் அலறலாகிவிட்டது. கீழே வந்த கிண்டல்களை அவர்தான் முதலில் பார்த்தார். ‘ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா’ என்று மட்டும் எழுதினார். நீக்கினேன். அதற்குள் வேறு பக்கங்கள் எடுத்துப் போயிருந்தன. முழு நிகழ்ச்சியை யாருமே பதிவு செய்யவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த இரவுக்கு இன்று மிஞ்சியிருப்பது நான் வெட்டிய அலறல் ஒன்றுதான்.

பதிவு செய்யாத குற்றமும் கேட்காமல் பகிர்ந்த குற்றமும் அங்கே ஒன்றாக நடந்தன. இரண்டுக்கும் வேர் ஒன்று. அந்த ஒலி யாருடையது என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பார்கள். பெர்லினின் பெர்க்ஹைனில் நுழையும்போதே போன் கேமரா மீது ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்; பால்புதுமையினர் அங்கே அச்சமின்றி ஆட அது வழிசெய்கிறது. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு 1984இல் ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்ய அரங்கிலேயே தனி இடம் ஒதுக்கியது. பகிரலாம், விற்கக் கூடாது என்பது வழக்கமாக நிலைத்தது. சட்டமும் புதிதல்ல. நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் உரிமை நிகழ்த்துபவருடையது என்கிறது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஏ பிரிவு. மனம் இருந்த இடங்களில் விதியும் வந்திருக்கிறது.

நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் நான் கேட்பது இதுதான். மேடையேறும் ஒவ்வொருவரிடமும் முதலிலேயே கேட்டு, சம்மதித்தால் முழு நிகழ்ச்சியையும் மிக்ஸரிலிருந்து நேராகப் பதிவு செய்யுங்கள். அறையின் ஒலிக்குத் தனியாக ஒரு மைக் வையுங்கள். நாள், இடம், வாசித்த எல்லோருடைய பெயர் மூன்றையும் கோப்பிலேயே எழுதுங்கள். ‘பெண் குரல், பெயர் தெரியவில்லை’ என்ற கோப்புகளை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன். அன்றிரவே அதை அவளிடம் கொடுங்கள். பகிர்வதா, பூட்டி வைப்பதா, பத்து ஆண்டு கழித்து வெளியிடுவதா, அழிப்பதா என்று அவள் முடிவு செய்யட்டும்.

போனை உயர்த்தியபடி முன்வரிசையில் நிற்கும் தோழருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எடுத்தது ஒருவேளை அந்த இரவின் ஒரே பதிவாக இருக்கலாம். பகிரும் பொத்தானைத் தொடுவதற்கு முன், கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும் அவளிடம் போய்க் கேளுங்கள்: ‘உங்கள் பதிவு என்னிடம் இருக்கிறது. எங்கே அனுப்பட்டும்?’