அழுதால் போதுமா?

2003 பொங்கலுக்கு வெளிவந்து திரையரங்குகளில் தோற்ற ‘அன்பே சிவம்’, பின்னர் தொலைக்காட்சி வழியாக நம் இல்லங்களில் இடம்பிடித்தது. கமல்ஹாசன் எழுதி நடிக்க, சுந்தர் சி. இயக்கிய அப்படத்தை இன்று புகழாதார் இல்லை. நாம் அதைப் புகழும் முறைதான் எனக்கு உடன்பாடில்லை.

‘அன்பே கடவுள் என்று சொல்லும் படம்’ என்கிறோம். அப்படத்தில் கடவுளின் பெயரை ஓயாது உச்சரிப்பவர் யார்? தொழிலாளரைச் சுரண்டும் ஆலை முதலாளி அல்லவா!

படத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. மழையால் புவனேஸ்வர் விமான நிலையத்தில் இருவர் சிக்கிக்கொள்கின்றனர். விளம்பரப் படம் எடுக்கும் அன்பரசு, முகம் சிதைந்த நல்லசிவத்தைப் பயங்கரவாதி என்று ஐயுற்றுக் காட்டிக்கொடுக்கிறார். அவரோடுதான் பின்னர் வழிநடக்க நேர்கிறது. வழியெல்லாம் கருத்து வேறுபாடு. ஆயினும் நட்பு வளர்கிறது. ரயில் விபத்தில் அடிபட்ட, முன்பின் அறியாத சிறுவனுக்கு அன்பரசு குருதி கொடுக்கிறார். அவன் இறந்ததும் கதறுகிறார். அந்நியனுக்காக எதையேனும் இழந்த பின்னரே அவர் கண்ணீர் வடிக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

‘பொதுவுடைமைவாதியின் கதை நமக்கெதற்கு?’ என்பாரும் நம்மிடையே உண்டு. அந்தப் பொதுவுடைமைவாதி விபத்தில் சிதைந்து கிடந்தபோது பேணி எழுப்பியவர் ஓர் அருட்சகோதரி. அவர் கொள்கை கேட்டுக் கட்டுப் போடவில்லை. நம் ஆண்டவரின் உவமையில் வரும் சமாரியரும் அடிபட்டவனின் குலம் கோத்திரம் விசாரிக்கவில்லை.

2023 ஜூன் 2 அன்று, ஒடிசாவின் பாலசோர் அருகே கோரமண்டல் விரைவுவண்டி மெய்யாகவே விபத்துக்குள்ளானது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைப்புத் தேடித் தெற்கே புறப்பட்டவர் அவர்களுள் பலர். அடையாளம் காணப்படாத 28 உடல்கள் நான்கு மாதங்களுக்குப் பின் புவனேஸ்வரில் எரியூட்டப்பட்டன.

அவ்வண்டியில் வருவோர் வந்து சேரும் ஊர்களில் நம் வல்லக்கோட்டையும் ஒன்று. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் உழைக்கும் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் இளைஞர்கள் ஓர் அறையில் பலராய் ஒண்டிக் கிடக்கின்றனர். நாமோ ‘வடக்கன்’ என்கிறோம். ஊரில் எது காணாமற்போனாலும் முதலில் அவர்களையே ஐயுறுகிறோம். ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடியினருள் தலைமுறை தலைமுறையாய்க் கத்தோலிக்கராய் வாழ்வோர் பலர். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கும் இளைஞரை எந்த ஊர் என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? அவர் நம் மறையினர் அல்லாவிடினும் நம் கடமை குறைந்துவிடுமா?

திரையில் வரும் அந்நியருக்காக அழுவது எளிது. அவர் நம்மிடம் ஒரு குவளைத் தண்ணீரும் கேட்பதில்லை. அடுத்த வீட்டு அந்நியர் கேட்கக்கூடும். முதலில் அவர் பெயரைக் கேட்டறிவோம்; படத்தின் பெருமையைப் பிறகு பேசுவோம்.