15-இல் ஒன்று குறைந்தால்

பக்கவாத வார்டில் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடக்கூடிய மொழித்தேர்வு ஒன்று கையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்காத பேச்சு சிகிச்சையாளர் இருக்க முடியாது. 2011-இல் பிரான்சில் ஃப்ளாமாண்ட்-ரோஸ் குழுவினர் உருவாக்கிய ‘லாஸ்ட்’ அப்படிப்பட்டதுதான். மொத்தம் 15 மதிப்பெண். படத்துக்குப் பெயர் சொல்ல 5, திருப்பிச் சொல்ல 2, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண 1, சொன்ன படத்தைக் காட்ட 4, சொன்னதைச் செய்ய 3. வாசிப்பும் எழுத்தும் இல்லை. 1987-இல் வந்த ஃப்ரென்ஷே தேர்வில் இரண்டும் உண்டு. வலது கை விழுந்துவிட்டவரிடமும் பள்ளிக்கூடமே போகாதவரிடமும் அதைப் பயன்படுத்திப் பார்த்தவர்களுக்கு லாஸ்டின் அருமை புரியும்.

ஆனால் அதில் 15-க்கு ஒன்று குறைந்தாலே அஃபேசியா இருக்கலாம் என்று கணக்கு. தமிழில் இத்தகைய தேர்வை அமைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். துடைப்பப் படத்தைக் காட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாகர்கோவில் பாட்டி ‘வாரியல்’ என்பார், இன்னொருவர் ‘விளக்குமாறு’ என்பார். விடைத்தாளில் ‘துடைப்பம்’ மட்டும் இருந்தால் பாட்டிக்கு 14. மூளையில் ஒரு குறையும் இல்லாமலே அவர் நோயாளிப் பட்டியலில் சேர்ந்துவிடுவார். நூறு கேள்வி கொண்ட தேர்வில் இந்தப் பிழை கரைந்துபோகும், பதினைந்தில் கரையாது.

ஒப்பீட்டுக்கு யாரை எடுக்கிறோம் என்பது இதைவிடப் பெரிய விஷயம். வார்த்தையே வராத நோயாளிகளை ஒரு பக்கமும், துணைக்கு வந்த ஆரோக்கியமான உறவினர்களை மறுபக்கமும் வைத்தால் எந்தத் தேர்வும் அபாரமாகத் தெரியும். பேச்சே வராதவரா, ஆரோக்கியமானவரா என்ற கேள்வியே வார்டில் நமக்கு எழுவதில்லை. நாக்கு குழறுகிறவரா, காது மந்தமானவரா, இடப்பக்கம் இருப்பதையே கவனிக்காதவரா, இல்லை உண்மையில் அஃபேசியாவா என்றுதான் அங்கே தடுமாறுகிறோம். அவர்கள் அனைவரும் ஆய்வில் இருக்க வேண்டும்.

லாஸ்டின் சென்சிடிவிட்டி 0.98, ஸ்பெசிஃபிசிட்டி 1.00 என்று மேற்கோள் காட்டுவோரும் கவனிக்கட்டும். மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் 300 பேருக்கு அத்தேர்வு நடத்தப்பட்டது உண்மை. ஆனால் பாஸ்டன் அஃபேசியா தேர்வு என்ற நீண்ட தேர்வோடு ஒப்பிட்டு அந்த எண்கள் பெறப்பட்டது, நிலைமை சீரான 104 பேரிடம். முதல் நாளில் நீண்ட தேர்வைத் தாங்க நோயாளிக்குத் தெம்பு இருக்காது என்பதால் அது குறையல்ல. அந்த எண்ணை முதல் நாளுக்கும் அப்படியே பொருத்துவதுதான் தவறு.

இடமும் கணக்கை மாற்றும். சென்சிடிவிட்டி 90, ஸ்பெசிஃபிசிட்டி 80 சதவீதம் உள்ள ஒரு தேர்வை எடுத்துக்கொள்வோம். நூறு பேரில் 30 பேருக்கு அஃபேசியா உள்ள வார்டில் அது 27 பேரைச் சரியாகப் பிடிக்கும், 14 பேரை வீணாகச் சந்தேகிக்கும். நூற்றுக்கு 10 பேருக்கே உள்ள புறநோயாளர் பிரிவில் சரியாகப் பிடிபடுவோர் 9, வீண் சந்தேகம் 18.

எனவே இவ்விதழுக்கு ஏற்புடைமை ஆய்வு அனுப்புவோரிடம் கேட்கிறோம்: வரிசையாக அனுமதிக்கப்பட்ட எல்லாரையும் சேருங்கள், குறுந்தேர்வின் முடிவு தெரியாத ஒருவர் முழுத்தேர்வை நடத்தட்டும், இரண்டுக்கும் இடையே எத்தனை நாள் என்று எழுதுங்கள், ஏற்றுக்கொண்ட வட்டாரச் சொற்களின் பட்டியலைக் கட்டுரையோடு இணையுங்கள்.