மக்கள் கார் கம்பெனியின் மன்னர் கார்

உழைப்பாளிகள் படிக்கும் பத்திரிகையில் கோடீஸ்வரர்கள் ஓட்டும் காரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. கார் கோடீஸ்வரருடையதுதான், ஆனால் அதைச் செய்தவர்கள் யார்? மோட்டார்ப் பத்திரிகைகள் அந்தக் காரின் வேகத்தைப் பக்கம் பக்கமாக வர்ணித்தன. அதன் எஞ்சினைப் பூட்டிய ஆலையில் அப்போது சம்பள விவகாரம் எப்படி இருந்தது என்பதை அந்த வர்ணனையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது நம் வேலை.

புகாட்டி வேய்ரான் என்பது அந்தக் காரின் பெயர். 2005-ஆம் ஆண்டு வெளிவந்தது. புகாட்டி என்ற பழைய பெயரின் உரிமையை 1998-இல் விலைக்கு வாங்கிய ஜெர்மன் கம்பெனி, பிரான்ஸ் தேசத்தில் மோல்ஸைம் என்ற ஊரில் சிறிய பட்டறை ஒன்றை அமைத்து அதைப் பூட்டி விற்றது. எஞ்சினின் பலம் 1001 குதிரைசக்தி. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை இரண்டரை விநாடியில் எட்டிவிடும். உச்ச வேகம் மணிக்கு 407 கிலோமீட்டர். விலை பத்து லட்சம் யூரோவுக்கும் மேல்.

அந்த ஜெர்மன் கம்பெனியின் பெயர் வோக்ஸ்வாகன். தமிழில் சொன்னால் 'மக்கள் கார்'!

பெயர்ப் பொருத்தத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் யந்திரத்தைப் பார்ப்போம். யந்திரத்தை ஏசுவது தொழிலாளிக்கு அழகல்ல. நல்ல வேலையை நல்ல வேலை என்று சொல்ல நமக்குத் தயக்கமும் இல்லை.

எஞ்சினுக்குள் எரிபொருளை எவ்வளவு வேண்டுமானாலும் செலுத்தலாம். ஆனால் அது எரியக் காற்று வேண்டும். சிலிண்டர் தன் அளவுக்குத்தான் காற்றை இழுக்கும். அதிக பலம் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்கியாக வேண்டும் என்பது பழைய வழி. இன்னொரு பக்கம், எரிந்து முடிந்த சூடான புகை சைலன்ஸர் வழியே வெளியேறும்போது, எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதோடு வீணாய்ப் போகிறது. ஆல்ஃபிரட் பூகி என்ற ஸ்விட்ஜர்லாந்து எஞ்சினீயர் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார். புகை போகும் வழியில் ஒரு சிறு சக்கரம்; அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே மறுமுனையில் இன்னொரு சக்கரம். வெளியேறும் புகை முதல் சக்கரத்தைச் சுழற்றும். இரண்டாவது சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் திணிக்கும். 1905-இல் இதற்கு அவர் காப்புரிமை பெற்றார். இன்று லாரிக்காரரும் 'டர்போ' என்று சொல்வது இதைத்தான். 1920-களில் இரண்டு ஜெர்மன் பயணிக் கப்பல்களில் இதைப் பொருத்தியபோது, 1750 குதிரைசக்தி தந்துகொண்டிருந்த எஞ்சின் 2500 தந்தது.

பொன்மலை டீசல் ஷெட்டில் வேலை பார்த்த தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் கைபட்ட டபிள்யூ.டி.எம்.-2 ரயில் எஞ்சினிலும் 16 சிலிண்டர்கள்தான், அதிலும் டர்போதான், பலம் 2600 குதிரைசக்தி. அது ஆயிரம் பேருக்கு மேல் ஏறிய ரயிலை இழுத்துக்கொண்டு போயிற்று. வேய்ரானுக்கும் 16 சிலிண்டர். அதில் உட்கார இடம் இரண்டு பேருக்கு.

சரி, அந்த இரண்டு பேரை 407 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோக என்னென்ன செய்ய வேண்டியிருந்தது?

எட்டு லிட்டர் எஞ்சின், அதற்கு நான்கு டர்போக்கள். 1001 குதிரைசக்தி சக்கரத்துக்குப் போகும்போது அதைப்போல் இரண்டு பங்குக்குக் குறையாத சக்தி வெறும் சூடாக வெளிப்படுகிறது. அந்தச் சூட்டை அகற்றாவிட்டால் கார் தன்னையே எரித்துக்கொள்ளும். எஞ்சின் தண்ணீருக்கு, எஞ்சின் எண்ணெய்க்கு, கியர் எண்ணெய்க்கு, டர்போ அழுத்தியதால் சூடேறிய காற்றுக்கு என்று மொத்தம் பத்து ரேடியேட்டர்கள்! நம் லாரிகளில் ஒன்று ஒழுகினாலே படும் பாடு டிரைவர் தோழர்களுக்குத் தெரியும்.

அடுத்தது காற்றின் எதிர்ப்பு. வேகம் இரு மடங்கானால் அதைத் தாண்டிப்போக வேண்டிய சக்தி இரு மடங்கல்ல, எட்டு மடங்கு. 250 கிலோமீட்டர் வேகத்துக்கு அந்த 1001 குதிரைகளில் ஏறத்தாழ கால் பங்கே போதும். மீதி முக்கால் பங்கும் கடைசி நூற்றைம்பது சொச்சம் கிலோமீட்டருக்காக! அந்த வேகத்தில் போக விரும்பும் சீமான் வண்டியை நிறுத்தி, இரண்டாவது சாவி ஒன்றைத் திருக வேண்டும். கார் தரையோடு தாழும். பின்புறத் தகடு மடங்கும். பிரேக் போட்டால் அந்தத் தகடே எழுந்து காற்றைத் தடுக்கும், விமானத்தில் செய்வதைப் போல.

டயர்கள் இதற்கென்றே தனியாகச் செய்தவை. முழு வேகத்தில் அவை பதினைந்து நிமிஷம் தாங்கும் என்பார்கள். கவலை வேண்டாம், நூறு லிட்டர் பெட்ரோல் டாங்க் பன்னிரண்டே நிமிஷத்தில் காலியாகிவிடும் என்று அந்த வட்டாரத்தாரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஓட்டிப் பார்க்க ரஸ்தா எங்கே? வோக்ஸ்வாகனுக்குச் சொந்தமான ஏரா-லெஸ்ஸியன் சோதனைப் பாதையில் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நேர்கோடு உண்டு. 2005 ஏப்ரலில் அங்கேதான் 400-ஐத் தாண்டிக் காட்டினார்கள். அந்த நேர்கோடு முழுவதையும் 407-இல் கடந்தால் ஒன்றேகால் நிமிஷத்துக்குச் சற்று மேல். அவ்வளவுதான்.

வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திட்டமிட்ட காலத்துக்கு இரண்டு வருஷம் பிந்தினாலும், முடியாது என்று பலரும் கைவிரித்ததைத் தொழிலாளிகளும் எஞ்சினீயர்களும் சாதித்தார்கள். நாம் கேட்பது வேறு: இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? அப்போது எதற்குப் பணமில்லை என்றார்கள்?

வேய்ரானின் எஞ்சினைப் பூட்டியது பிரான்ஸில் அல்ல. ஜெர்மனியில் ஸால்ஸ்கிட்டர் நகரிலுள்ள வோக்ஸ்வாகன் ஆலையில். 2004 நவம்பரில், ஸால்ஸ்கிட்டர் உட்பட மேற்கு ஜெர்மனியின் ஆறு ஆலைகளிலும் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சம்பளச் செலவு கட்டுப்படியாகவில்லை, குறைத்தே தீரவேண்டும் என்று நிர்வாகம் ஒற்றைக் காலில் நின்றது. 28 மாதங்களுக்குச் சம்பள உயர்வு கிடையாது. பதிலுக்கு 2011 வரை 1,03,000 பேரின் வேலைக்கு உத்தரவாதம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சங்கம் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே வேய்ரான் வெளியே வந்தது!

அதோடு நின்றதா? 20,000 வேலைகளைக் குறைக்கப் போவதாக 2006 பிப்ரவரியில் அறிவிப்பு. அந்த ஆண்டு செப்டம்பரில் வேலை நேரத்தில் கைவைத்தார்கள். 1994-இல் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, ஆட்குறைப்பைத் தடுத்து, வாரம் 28.8 மணி நேரம் என்று தொழிலாளிகள் பெற்றிருந்த ஏற்பாடு அது. உற்பத்திப் பிரிவில் அது 33 மணி வரை ஏறிற்று. சம்பளம் ஏறவில்லை.

கார் விற்ற லாபத்தில் வேய்ரான் செலவு கழிந்துவிட்டது என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. விற்ற ஒவ்வொரு வேய்ரானுக்கும் சுமார் 46 லட்சம் யூரோ நஷ்டம் என்று 2013-இல் பங்குச்சந்தை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இது வெளியார் கணக்கு, கம்பெனியின் கணக்கல்ல என்பதைச் சொல்லிவிடுகிறோம். அதில் பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், கார் வாங்கிய சீமானுக்கு ஆலை தன் கையிலிருந்து தானம் கொடுத்திருக்கிறது என்றே ஆகிறது.

இது நஷ்டமல்ல, ஆராய்ச்சி. இங்கே கற்ற வித்தை நாளை சாதாரணக் காருக்கு இறங்கி வரும் என்று வாதிப்பவர்கள் உண்டு. வாதத்தை அடியோடு தள்ளிவிடவில்லை. சூட்டையும் காற்றையும் பற்றி அந்த எஞ்சினீயர்கள் கற்றது எங்காவது பயன்பட்டிருக்கும். ஆனால் பெரிய விஷயங்களில் வித்தை எந்தத் திசையில் போயிற்று என்று பாருங்கள். இரட்டைக் கிளட்ச் கியர் பெட்டி 2003-லேயே கோல்ஃப் காரில் வந்துவிட்டது. சிலிண்டர்களை நெருக்கி அடுக்கும் முறை 1991-லேயே பாஸாட் காரில் வந்துவிட்டது. அந்த முறையைத்தான் இரட்டிப்பாக்கி வேய்ரானின் 16 சிலிண்டர் எஞ்சினை உண்டாக்கினார்கள். அதாவது சாமானியர் காரில் பழகிய வித்தைதான் சீமான் காருக்கு ஏறிப் போயிற்று!

நிற்க. பெயர்ப் பொருத்தத்துக்கு வருவோம்.

வேய்ரானைச் செய்தே தீரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் கம்பெனியின் தலைவராயிருந்த ஃபெர்டினாண்ட் பீச். இவருடைய தாய்வழிப் பாட்டனார் ஃபெர்டினாண்ட் போர்ஷே. ஹிட்லர் காலத்தில் அந்த முதல் 'மக்கள் கா'ரை வடிவமைத்தவர் அவர். 1938-இல் அந்த ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்களே, பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1933 மே 2-ஆம் தேதி நாஜிகள் தொழிற்சங்க அலுவலகங்களில் புகுந்து பறிமுதல் செய்த சொத்தும் அதில் சேர்ந்திருந்தது. வாரம் 5 மார்க் கட்டி வந்தால் 990 மார்க்கில் கார் என்று ஆசை காட்டினார்கள். மூன்று லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் கட்டினார்கள். அவர்களில் ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. ஆலை யுத்த வண்டிகள் செய்தது. பிறநாட்டாரையும் சிறைமுகாம் கைதிகளையும் அடிமைகளாக வேலை வாங்கியது. பணம் கட்டியவர்கள் யுத்தத்துக்குப் பின் கோர்ட்டுக்குப் போய், 1961-இல்தான் முடிவு கண்டார்கள்: புதுக் கார் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி, இல்லையேல் ரொக்கமாக 100 மார்க் வரை.

ஆலையில் தொழிலாளிகளுக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் அங்கே இன்றும் வலுவாக இருப்பதற்கு இந்தச் சரித்திரமும் காரணம். கம்பெனியின் 20 பேர் மேற்பார்வைக் குழுவில் 10 பேர் தொழிலாளர் தரப்பு. அப்படியானால் அவர்கள் ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி எழும். நம்மவர் என்பதற்காக மூடி மறைப்பது நமக்குப் பழக்கமில்லை. ஆலைக் கமிட்டித் தலைவர் கிளாவுஸ் ஃபோல்கெர்ட், நிர்வாகத்திடம் ஏறக்குறைய இருபது லட்சம் யூரோ விசேஷ போனஸ் பெற்ற விவகாரம் 2005-இல் அம்பலமாகி, 2008-இல் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பணம் கொடுக்க ஏற்பாடு செய்த நிர்வாகி பீட்டர் ஹார்ட்ஸ் 2007-இல் தண்டனை பெற்றார். ஆனால் சிறைக்குப் போகவில்லை. வேய்ரானுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருந்ததாக நாம் சொல்லவில்லை. ஆனால் நிர்வாகத்தின் பணத்தைக் கைநீட்டி வாங்கியவர், அதே நிர்வாகத்தின் செலவுக் கணக்கை எந்த முகத்தோடு கேட்பார்?

450-ஆவது வேய்ரான் 2015-இல் விற்று முடிந்தது. அடுத்து வந்த ஷிரோனுக்கு 1500 குதிரைசக்தி. 2021-இல் புகாட்டியை ரிமாக் என்ற குரோஷியக் கம்பெனியுடன் கூட்டாக்கினார்கள். வோக்ஸ்வாகன் குடும்பத்தின் போர்ஷே கம்பெனிக்கு அப்போது அதில் 45 சதவீதப் பங்கு இருந்தது. 2024 ஜூனில் அந்தக் கூட்டுக் கம்பெனி 1800 குதிரைசக்திக் கார் ஒன்றைக் காட்டியது. 250 கார்கள் மட்டுமே. ஒன்று 36 லட்சம் யூரோவுக்கு மேல். அதில் டர்போ இல்லை. டர்போ செய்த வேலையை மின்சார மோட்டார்கள் எடுத்துக்கொண்டன.

அந்த ஆண்டு டிசம்பரில் வோக்ஸ்வாகன் ஆலைகளில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் எச்சரிக்கை வேலைநிறுத்தம் செய்தார்கள். 70 மணி நேரத்துக்கு மேல் பேச்சுவார்த்தை நடந்து 20-ஆம் தேதி ஒப்பந்தமாயிற்று. ஆலைகளை உடனே மூடுவது தடுக்கப்பட்டது. 2030-க்குள் 35,000-க்கு மேற்பட்ட வேலைகள் குறையும். சம்பள உயர்வு இந்த முறையும் நிறுத்திவைக்கப்பட்டது.