மெலிந்த மனிதர் யார்?

துப்பறியும் படம் என்றதும் இருண்ட வீதியும் துப்பாக்கி வெடியும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. 1934ஆம் ஆண்டில் ஹொலிவூட் அளித்த ‘தி தின் மேன்’, அதாவது ‘மெலிந்த மனிதர்’, அத்தோற்றத்தைச் சிரிப்பினால் கலைத்துவிடுகின்றது. அதே ஆண்டில் வெளிவந்த டஷீல் ஹமெற்றின் நாவலே இதற்கு மூலம்.

காணாமற்போன கண்டுபிடிப்பாளர் ஒருவரைத் தேடுவது கதை. கொலைஞன் யாரென்பதை இருமுறை பார்த்தும் நாம் மறந்துவிட்டோம். மறக்க முடியாதவர்கள் நிக், நோரா என்னும் தம்பதியர். வில்லியம் பவலும் மேர்னா லோயும் அவ்வேடங்களைத் தாங்கினர். துப்பறியுந் தொழிலைத் துறந்த கணவனை மீண்டும் அதிலே தூண்டிவிடுபவள் மனைவியே. அவளைப் பேதையாக்கிச் சிரிப்பு மூட்டும் மலிவான வழக்கம் இங்கில்லை. அவன் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்கிறாள். சொல்லில் கூர் உண்டு, நஞ்சில்லை. இல்லறத்தில் இருவரும் நண்பராயிருத்தல் கூடும் என்பதை இத்துணை இலேசாகக் காட்டிய படம் வேறொன்றை நாம் கண்டதில்லை. திரைக்கதையை எழுதிய பிரான்ஸிஸ் குட்றிச்சும் அல்பேட் ஹக்கெற்றும் மனைவியும் கணவனுமென்று அறிந்தபோது நமக்கு வியப்புண்டாகவில்லை.

டைரக்டர் வான் டைக் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் படப்பிடிப்பை முடித்தார். சந்தேகத்துக்குரியோரை விருந்துக்கழைத்துப் புதிரை அவிழ்க்கும் காட்சி சற்றே நீளந்தான். உறுத்துவது இன்னொன்று: நிக்கின் கையைவிட்டு மதுக்கிண்ணம் அகல்வதேயில்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியது 1933 டிசம்பரில். அந்தக் குதூகலம் போலும்!

தலைப்பிலுள்ள மெலிந்த மனிதர் உண்மையில் அக் காணாமற்போனவரே. இரசிகர்களோ பவலையே அவராக எண்ணிவிட்டனர். 1947 வரை தொடர்ந்த ஐந்து படங்களும் அத்தவற்றைத் திருத்தவில்லை, அப்பெயரையே சூட்டிக்கொண்டன.