கலங்கலுக்குக் கீழே யார் நிலம்?

சித்திரை வெயிலில் ஓர் ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலருகே நின்றால், கீழே தெரிவது வெறும் தரிசுதான். சீமைக் கருவேலம், ஆட்டுப் புழுக்கை, வெடித்த மண். கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அதே தரிசில் இடுப்பளவுத் தண்ணீர் ஓடும். ஆண்டுக்குச் சில நாள்தான். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. ஆனால் அந்தச் சில நாளும் தண்ணீருக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஆடு மேய்ப்பவருக்கும், மதகு திறந்து வயலுக்கு நீர் விடும் நீர்க்கட்டிக்கும் இது தெரியும். கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்துக்குத் தெரியாது. பதிவேட்டில் அது யாரோ ஒருவருடைய பட்டா நிலமாகவும் இருக்கலாம்.

இப்படிப்பட்ட ஏரிகள் நிறைந்த காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் பெரும் பகுதிகள் இன்று சென்னைப் பெருநகர் எல்லைக்குள் வந்துவிட்டன. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த எல்லை 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ராணிப்பேட்டை மாவட்டத்தின் அரக்கோணம் பக்கத்துக் கிராமங்களும் இதில் அடக்கம். 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஐ இலக்காகக் கொண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் திட்டம் எது குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது வயல் என்று நிறம் தீட்டப்போகிறது.

அந்த நிறங்களை யார் முதலில் தீட்டுவது என்பதுதான் கேள்வி.

நகர் ஊரமைப்புச் சட்டம் 1971 மக்களின் ஆட்சேபங்களுக்கு இடம் தருகிறது. ஆனால் அந்த இடம் வருவது வரைவு தயாரான பிறகு. அதற்குள் சாலைகளுக்குக் கோடு போட்டாகிவிடும். நில விலையும் அதை மோப்பம் பிடித்து ஏறியிருக்கும். அப்போது போய் ‘எங்கள் ஏரிக்கு வரத்துக் கால்வாய் அடைபடுகிறது’ என்று மனு கொடுப்பவர் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவராகத் தெரிவார். அதே சொல் வரைவுக்கு முன்னால் கேட்கப்பட்டிருந்தால், அது ஒரு தகவலாக இருந்திருக்கும்.

கேட்காமல் விட்டதன் விலையைத் தென்சென்னையின் பள்ளிக்கரணை காட்டுகிறது. சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் சதுப்பு நிலம் அது. அதில் குப்பை கொட்டினார்கள், கட்டடங்கள் எழுப்பினார்கள். 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் பெற்றது ஏறத்தாழ 1,250 ஹெக்டேர். முன்பு அதைப்போலப் பல மடங்கு பரந்திருந்த நிலம். 2015 டிசம்பரிலும் 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பக்கத்துத் தெருக்களில் படகு விட வேண்டியிருந்தது.

கேரளம் வேறு வழியில் முயன்றது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளிடம் தந்தது. அதற்கு முன்பே கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரி ஊராட்சியில் ஊர்க்காரர்களே மண்ணையும் நீரையும் அளந்து வளவரைபடம் தீட்டியிருந்தார்கள். 2008இல் வந்த நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஊராட்சித் தலைவர் தலைமையில் குழு அமைந்தது. விவசாயிகளின் பிரதிநிதிகளும் அதில் இருந்தார்கள். எது நெல்வயல், எது ஈரநிலம் என்று பட்டியலிடுவது அவர்கள் பொறுப்பு. பட்டியலில் பிழைகள் வந்தன, திருத்தக் கோரி மனுக்கள் குவிந்தன. ஆனாலும் பிழையைச் சுட்டிக்காட்ட உள்ளூரில் ஒரு கதவு இருந்தது.

ஊரைக் கேட்டால் ஒரே குரலில் பதில் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வயல் வயலாகவே இருக்க வேண்டும் என்பார் குத்தகைக்குப் பயிரிடுபவர். மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விற்க நினைப்பவர் மனைப் பிரிவுக்கு அனுமதி கேட்பார். இவர் நிலம் வேளாண் பகுதி, வரப்புக்கு அப்பால் இருப்பது குடியிருப்புப் பகுதி என்றால், ஒரே கோட்டில் இவர் விலையில் தோற்றுவிடுகிறார். இந்த மனக்குறை நியாயமானது. தண்ணீர் போகிற வழியைக் காலியாக வைத்திருக்கச் சொல்லும் அரசு அதற்கு ஈடு தர வேண்டும். ஊர் நன்மைக்கான சுமையை ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் ஏற்றக் கூடாது. பட்டாவே இல்லாதவர்களின் பேச்சும் அம்பலம் ஏறியாக வேண்டும். மேய்க்கால் புறம்போக்கு போனால் முதலில் முடங்குவது அவர்கள் பிழைப்பு.

ஆகவே, வரைவை வெளியிடுவதற்கு முன்பே ஒவ்வொரு ஊராட்சியிடமும் மூன்றைக் குறித்து வாங்கலாம்: தண்ணீர் வரும் வழி, போகும் வழி, ஊர் பொதுவில் புழங்கும் நிலம். சர்வே எண்ணோடு, தமிழில். வீடும் தொழிற்சாலையும் அதற்குப் பிறகு மிஞ்சும் இடத்தில் வரட்டும்.

இதற்குப் புது மன்றம் எதுவும் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் ஒன்று நவம்பர் 1, வடகிழக்குப் பருவமழைக் காலம். கூட்டம் முடிந்த கையோடு ஊர்க்காரர்கள் சர்வேயரையும் திட்ட அலுவலரையும் அழைத்துக்கொண்டு ஏரிக்கரை மேல் நடக்கலாம். ஏரி நிரம்பிய ஆண்டென்றால், கலங்கலுக்குக் கீழே தண்ணீரே வழியைக் காட்டிக்கொண்டிருக்கும்.